ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போவது எப்படி

வேலையில் சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை எடுத்து வரச் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு லேபில் முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார்கள். ஊசி உள்ளே போனது தெரிந்தது. பிறகு எனக்குத் தெரிந்தது சீலிங் ஃபேன். தரையில் மல்லாந்து கிடக்கிறேன், உள்ளங்கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்து வைத்திருக்கிறார்கள், வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "இவ்ளோ பெரிய ஆளு, ஒரு ஊசிக்குப் போயி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் நான் எந்த லேப் பக்கமும் போகவில்லை. போக வேண்டிய காரணங்கள் வந்தன, சாக்கும் கூடவே வந்தது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை போகிறேன். பயம் போய்விடவில்லை. பயத்தோடு போய்வரத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். முதன்முறையாகப் போகிறவர்களுக்கும், ஒருமுறை விழுந்துவிட்டு அப்புறம் போகாமலேயே இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பயம் எந்த ரகம்?

எல்லோருடைய ஊசிப் பயத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். சிலருக்கு வலிதான் பிரச்சினை. சிலருக்குச் சின்ன வயதில் நாலு பேர் கை காலைப் பிடித்து அமுக்கி ஊசி போட்ட நினைவு. அவர்களுக்கு ஊசியைவிடத் தன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம்தான் பெரிது. மூன்றாவது ரகம் என்னுடையது: வலியைப் பற்றிக் கவலையே இல்லை, ஆனால் ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தாலே கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்.

இந்த மூன்றாவது ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் தப்பு. பாம்பைப் பார்த்துப் பயப்படுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், அவர் ஓடுவார். பொதுவாக மயங்கி விழமாட்டார். ரத்தம், ஊசி, காயம் என்றால் மட்டும் சிலருடைய உடம்பு இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் துடிப்பும் அழுத்தமும் ஏறும். பிறகு இரண்டும் சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவார். மனநல மருத்துவம் இதைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், குடும்பத்திலும் ஓடும். என் அப்பா சர்க்கரைப் பரிசோதனையைப் பல வருடம் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று தள்ளிப்போட்டது ஏன் என்று நான் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

அழுத்தம் இறங்குவதுதான் சிக்கல் என்றால், "ரிலாக்ஸா இருங்க, உடம்பத் தளர்த்துங்க" என்பது நமக்கு எதிரான யோசனை. தளர்த்தினால் இன்னும் இறங்கும். நமக்குத் தேவை இறுக்கம். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது.

ஒரு வாரம் முன்பே பழக வேண்டிய பயிற்சி

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980களில் இந்த முறையை வகுத்தார். செலவில்லை, கருவி வேண்டாம்.

நாற்காலியில் வசதியாக உட்காருங்கள். கை, தொடை, வயிறு எல்லாத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. முக்கினால் போதும் என்று நினைத்து நானும் ஆரம்பத்தில் மூச்சைப் பிடித்தேன், தலைதான் சுற்றியது. 10 முதல் 15 விநாடி இறுக்கினால் முகத்தில் ஒரு சூடு ஏறுவது தெரியும். அந்தச் சூடுதான் அடையாளம். பிறகு விட்டுவிடுங்கள். துவண்டுபோகும் அளவுக்குத் தளர்த்த வேண்டாம், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தால் போதும். 20 முதல் 30 விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று.

தினமும் சில சுற்றுகள் செய்து ஒரு வாரம் பழகுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. அடுத்த கட்டமாக, ஊசி குத்தப்போகும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இறுக்கப் பழக வேண்டும். லேபில் இதுதான் தேவைப்படும். கால் மேல் கால் போட்டு இரண்டு தொடையையும் ஒன்றோடொன்று அழுத்துவது எனக்குச் சுலபமாக வந்தது. கட்டுப்பாட்டில் இல்லாத ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மயக்கம் வராது, வலிக்குத்தான் பயம் என்பவர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். அவர்களுக்கு நிதானமான மூச்சும், கவனத்தை வேறு எங்காவது திருப்புவதும் நன்றாகவே வேலை செய்யும்.

முந்தின நாள்

லேபுக்கு போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, என்னுடைய டெஸ்டுக்கு வெறும் வயிறு அவசியமா? சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றுக்கு 8 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பட்டினி கிடந்து போனால் நம்மைப் போன்றவர்கள் விழுவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததுபோல் ஆகிவிடும். இரண்டாவது, படுத்தபடி ரத்தம் எடுக்கக் கட்டில் இருக்கிறதா? சின்ன லேபுகள் பலவற்றிலும் ஈசிஜி எடுக்க ஒரு கட்டில் இருக்கும். அது போதும்.

வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். முந்தின நாள் மாலையிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் ரத்தக்குழாய் புடைத்துத் தெரியும், ஒரே குத்தில் வேலை முடியும்.

பல ஊர்களில் இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். சொந்தக் கட்டில், தெரிந்த சுவர், டெட்டால் வாசனை இல்லை, வேடிக்கை பார்க்கும் வரிசையும் இல்லை. முதல் தடவைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வலிதான் பிரச்சினை என்பவர்களுக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. லிடோகெயின், பிரிலோகெயின் இரண்டும் கலந்தது. புண் இல்லாத தோலில் தடவி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, சுமார் ஒரு மணி நேரம் விட வேண்டும். லேப் வாசலில் நின்று தடவினால் பலன் இல்லை. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கைக்குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் தடவவே கூடாது.

லேபில்: வாயைத் திறந்து சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

"சிஸ்டர், எனக்கு ரத்தம் எடுத்தா மயக்கம் வரும். படுத்துக்கிட்டே எடுக்கலாமா?"

பில் போடும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊசியைப் பிரித்த பிறகு சொன்னால் அவருக்கும் பதற்றம், நமக்கும் பதற்றம். ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். நான் பட்ட வெட்கத்தின் விலை நெற்றியில் ஒரு தையல், அந்தத் தையலுக்கும் ஊசிதான். ரத்தம் எடுப்பவர்கள் நம்மைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்கிற ஆளை அவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் தரையிலிருந்து தூக்கும் வேலை மிச்சம்.

"பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்று சொல்லி ஸ்டூலையே காட்டினால், சிரித்துக்கொண்டே ஒருமுறை மறுபடி கேளுங்கள். "போன தடவ விழுந்துட்டேங்க" என்று சேர்த்துச் சொன்னால் கட்டில் கிடைத்துவிடும்.

படுத்த பிறகு நடப்பவை இவை. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். கையை மூடச் சொல்வார்கள். முழங்கை மடிப்பில் விரலால் தடவிப் பார்ப்பார்கள். இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நரம்பு கிடைக்கல" என்பார்கள். நாம் பேச்சில் நரம்பு என்பது மருத்துவத் தமிழில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். நிஜமான நரம்பு வேறு. "நரம்புல குத்துனா கை விளங்காமப் போயிரும்" என்ற பயம் பாதிக்குப் பாதி இந்தச் சொற்குழப்பத்தில் பிறந்தது. ஊசி உண்மையான நரம்பைத் தொட்டால் விரல் நுனி வரை கரண்ட் அடித்தது போல் இருக்கும். அப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை எடுத்துவிடுவார்கள்.

ஊசியின் அளவை அதன் பிளாஸ்டிக் தலையின் நிறம் சொல்லும். எண் கூடக்கூட ஊசி மெல்லியது. 21ஆம் எண் பச்சை, 0.8 மில்லிமீட்டர் தடிமன். 23ஆம் எண் நீலம், 0.6 மில்லிமீட்டர். ரத்தக்குழாய் சிறிதாக இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்த பட்டர்ஃப்ளை ஊசி வசதி. இருந்தால் போடச் சொல்லிக் கேட்கலாம். எது என்றாலும் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்கள். எந்த எறும்பு என்று யாரும் சொல்வதில்லை. என் கணக்கில் சிற்றெறும்புக்கும் கட்டெறும்புக்கும் நடுவில். குத்தும்போது ஒரு சுருக், ரத்தம் பிடிக்கும் குழாயை மாற்றும்போது லேசான அசைவு, எடுக்கும்போது ஒன்றுமே தெரியாது. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பட்டை கட்டும்போதே கால், தொடை, வயிறு இறுக்கத்தைத் தொடங்குங்கள். கையை மட்டும் விட்டுவிடுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். நான் சுவரைப் பார்ப்பேன். என் மனைவிக்கு ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால்தான் பயம், அவள் கண் கொட்டாமல் பார்ப்பாள். குத்தும் நொடியில் ஒரு இருமல் இருமினால் வலி குறைவாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். செய்து பார்க்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு இருமுங்கள்.

"மூணு பாட்டில் ரத்தம் எடுத்துட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து சொல்வோம். அந்தக் குழாய் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லி பிடிக்கும். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். குழாயின் மூடி ஊதா, சாம்பல், மஞ்சள் என்று பல நிறத்தில் இருப்பது ஒவ்வொரு பரிசோதனைக்கும் உள்ளே இருக்கும் மருந்து வேறு என்பதால்தான்.

இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், "வேற யாராவது பாக்கறாங்களா" என்று மரியாதையாகக் கேளுங்கள். இது என் சொந்த விதி. மூன்றாவது குத்துக்கு முன்னால் கையைத் தொங்கப்போட்டு, வெந்நீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் ரத்தக்குழாய் எழும்பிவரும்.

முடிந்த பிறகு

பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மடக்க வேண்டாம். கையை நீட்டி வைத்து, பஞ்சின் மேல் விரலால் மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது. ரத்தம் கட்டிக் கறுப்பது பெரும்பாலும் அழுத்தாமல் விடுவதால்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் அதிக நேரம் பிடிக்க வேண்டும்.

உடனே எழுந்திருக்காதீர்கள். ஊசி போட்டு முடிந்த பிறகும் மயக்கம் வரலாம். பத்து நிமிடம் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். கொரோனா தடுப்பூசி போட்ட காலத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்தார்களே, ஒவ்வாமையைக் கவனிப்பதற்கான அந்த ஏற்பாடு எத்தனையோ பேரை பைக்கிலிருந்து விழாமலும் காப்பாற்றியிருக்கும். உடனே வண்டியை ஓட்டாதீர்கள். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கையோடு பிஸ்கட்டும் ஒரு ஜூஸும் கொண்டுபோனால் நல்லது.

கூட வந்தவருக்கு

மயக்கம் சொல்லிக்கொண்டுதான் வரும்: கொட்டாவி, வியர்வை, குமட்டல், காது அடைப்பு, கண்ணில் பூச்சி பறப்பது, முகம் வெளுத்துப்போவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் ஆளை உடனே படுக்கவையுங்கள். காலைத் தூக்கிப் பிடியுங்கள். அப்படியே விழுந்துவிட்டால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், அது மூளைக்குப் போகும் ரத்தத்தை மறுபடி குறைக்கும். நினைவு முழுதாகத் திரும்பும் வரை வாயில் தண்ணீர், காபி எதுவும் ஊற்றக் கூடாது. கை கால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுக்கலாம். அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துத்தான் எனக்குச் சாவிக்கொத்து கொடுத்தார்கள். நிஜ வலிப்புக்கே இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் கண் விழிக்கவில்லை என்றாலோ, நெஞ்சு வலி என்றாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குழந்தையைக் கூட்டிப்போகும்போது

"சாப்பிடலன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்." இதை நிறுத்துவதுதான் முதல் வேலை. சோற்றுக்கும் சேட்டைக்கும் தண்டனையாகக் காட்டிய ஊசியை, புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் "இது உன் நல்லதுக்குத்தான்" என்றால் எந்தக் குழந்தை நம்பும்? நம் ஊர் விசித்திரம் இது: குழந்தையை ஊசியைக் காட்டி மிரட்டுகிற அதே ஆள், தனக்குக் காய்ச்சல் வந்தால் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், அப்பதான் கேக்கும்" என்பார். ஊசிக்குப் பயந்தவர்கள் எதிர்க்கேள்வி கேட்கலாம், "மாத்திரை போதாதா டாக்டர்?" என்று. பல நேரம் போதும்.

தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருப்பவை. கைக்குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்போ போடும்போதோ தாய்ப்பால் கொடுங்கள். குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் அணைத்துப் பிடியுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி என்றால் அதிகம் வலிப்பது கடைசியில். பெற்றவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலிக்கும், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது. "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையப் பிடிச்சுக்கறேன்" என்பது உண்மை. தெரியாமல் ஏமாற்றிக் கூட்டிப்போகவும் வேண்டாம். கோயிலுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அப்புறம் கோயிலுக்கும் வராது. எந்தக் கையில் போட என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அழுதால் அழட்டும். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற வசனத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தால்

ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் பொருத்தி வைக்கும் வென்ஃப்ளானைப் போட்ட பிறகு பலர் உள்ளே ஊசி இருப்பதாக நினைத்து, நாள் முழுக்கக் கையைக் கட்டைபோல் வைத்திருப்பார்கள். ஊசி அப்போதே வெளியே வந்துவிடும், உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும். கையை மெதுவாக அசைக்கலாம். வீங்கினாலோ எரிந்தாலோ சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் வாசலைத் தாண்ட முடியவில்லை என்றால்

மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரிடம் போகலாம். இதற்கான சிகிச்சை வருடக்கணக்கில் இழுப்பதில்லை, சில அமர்வுகளிலேயே நல்ல மாற்றம் தெரியும். படிப்படியாகப் பழக்குவதுதான் முறை: ஊசியின் படம், பிறகு காணொளி, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, லேபில் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருவது, கடைசியில் நிஜமாகக் கொடுப்பது. ஒவ்வொரு படியிலும் அதே தசை இறுக்கம். ஒரு படியில் பயம் அடங்கிய பிறகுதான் அடுத்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பா இப்போது தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இன்சுலின் போடும் பேனாவின் ஊசி 4 மில்லிமீட்டர்தான் நீளம். முதல் வாரம் அம்மா போட்டுவிட்டார், அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒருநாள் அம்மா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டதால் அவரே போட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேலை. லேபிலிருந்து வந்ததும் நடந்ததை போனில் குறித்து வையுங்கள், அடுத்த தடவை போய் நிற்கும்போது எதுவும் நினைவுக்கு வராது. என்னுடையது இது: "இடது கை. நீலத் தலை ஊசி. கட்டில், ஸ்டூல் வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் கூட்டமில்லை. கண்ணாடி போட்ட அக்கா இருந்தால் அவரிடமே."